ஓடுகிறது 1855 எஞ்சின். ஓட வைத்தவன் பெயர் எங்கே?

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சண்டை போடுகிறவர்களும் முழுதாகப் படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள். பதில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கினால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். மாலை போட்ட ஒரு சின்ன நீராவி எஞ்சின். கீழே எழுதியிருக்கும்: “1855இல் செய்த எஞ்சின். இன்றும் அப்படியே ஓடுகிறது. வெள்ளைக்காரன் செய்த சாமான் என்றால் சும்மாவா? இன்றைக்கு நம்மாளு எவனாவது இப்படிச் செய்வானா?” உடனே இருபது பேர் கைகூப்புவார்கள். பத்துப் பேர் பெருமூச்சு விடுவார்கள். ஒருவர் ஒருபடி மேலே போய், இந்தியாவின் முதல் ரயிலை இழுத்ததே இதுதான் என்றும், திருநெல்வேலிக்கு முதலில் வந்ததும் இதுதான் என்றும் சேர்த்துவிடுவார்.

இன்னொரு பக்கம் நாலு படித்த பிள்ளைகள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. “சார், அதெல்லாம் சும்மா. பாதிக்கு மேல புது இரும்பு. டூப்ளிகேட்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்பது என் வாதம். முதல் கட்சி அந்த எஞ்சினை ஓட வைத்த தொழிலாளியை மறைக்கிறது. இரண்டாவது கட்சி அவனைக் கேலி செய்கிறது. இரண்டுமே பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளிக்குச் செய்கிற அநியாயம்.

முதலில் வரலாற்றைச் சரியாகப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹிவிட்சன் என்ற கம்பெனி 1855இல் செய்த எஞ்சின் இது. வாங்கியது ஈஸ்ட் இந்தியன் ரயில்வே. அதனால்தான் ஈ.ஐ.ஆர். 21 என்கிறோம். ‘எக்ஸ்பிரஸ்’ என்றும் ஒரு பெயர் உண்டு. கூடப் பிறந்தது எண் 22. அதற்குத்தான் பின்னாளில் ‘ஃபேரி குயின்’ என்று பெயர் வந்தது. இரண்டும் ஒரே அச்சு: முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் இழுக்கிற பெரிய சக்கரம் இரண்டு, பின்னால் மறுபடி இரண்டு சின்னது. தண்ணீருக்குத் தனி வண்டி கிடையாது. எஞ்சினின் வயிற்றுக்கு அடியிலேயே தொட்டி.

இது இந்தியாவின் முதல் ரயிலை இழுக்கவில்லை. அந்த ரயில் 1853 ஏப்ரல் 16இல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்குப் போனது. இழுத்தவை சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள். ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி விட்டது 1854 ஆகஸ்ட் 15இல். நம்ம எஞ்சின் அதற்கு அடுத்த வருஷப் பிள்ளை. தமிழ்நாட்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் போனது 1856 ஜூலை 1இல். அதைவிட இது ஒரு வயது மூத்தது. அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் அந்தக் காலத்துச் சம்பந்தம். உழைத்ததெல்லாம் வங்காளம், பீகார் பக்கம்.

திருநெல்வேலிக்கு இது முதலில் வந்தது என்கிறவருக்கும் ஒரு வார்த்தை. நம் ஊருக்கு ரயில் வந்ததே 1876இல். மணியாச்சியிலிருந்து பிரிந்து வந்த மீட்டர் கேஜ் பாதை. ஈ.ஐ.ஆர். 21 அகலப் பாதை எஞ்சின். மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் அது நிற்கக்கூட முடியாது. எட்டாம் வகுப்புப் பையன் ஸ்கேலை வைத்து அளந்து சொல்லிவிடுவான். நாம் ஃபார்வர்டு செய்வதற்கு முன் அரை நிமிஷம் யோசிப்பதில்லை.

1909இல் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அப்புறம் ஜமால்பூர் பணிமனையிலும் ஹௌராவிலுமாக நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருள். நூறு வருஷம் நிற்கிற இரும்பு என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டு வாசலில் இரண்டு மழைக்காலம் நின்ற சைக்கிளைப் பாருங்கள், தெரியும். துரு தின்றது போக, முக்கியமான பாகங்கள் பல காணாமலே போயிருந்தன. அந்த நிலையில்தான் அது சென்னைக்கு, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்கு வந்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குத் தானே ஓடியது. வைத்தியத்துக்கு வந்த பெரியவர் குணமாகி இங்கேயே தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் என்றதும் பலரும் ஐ.சி.எஃப். என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது 1955இல் வந்த பெட்டித் தொழிற்சாலை. லோகோ ஒர்க்ஸ் வேறு. பெரம்பூரில் ரயில்வே பணிமனை தொடங்கியது 1856இல், அதாவது சென்னையில் ரயில் ஓடத் தொடங்கிய அதே வருஷம். அப்பன், மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக இரும்போடு பழகிய இடம். ஆனால் 2010இல் அங்கே தினசரி வேலை நீராவியா? இல்லை. இந்தியாவில் அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் அன்றாட ஓட்டம் 1995 வாக்கிலேயே முடிந்துவிட்டது. மின்சார எஞ்சினில் கைவைத்துப் பழகிய தொழிலாளர்கள் இருக்கிற பணிமனைக்கு, பாதி பாகம் இல்லாத 1855 எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்பேர் பார்ட் வாங்கக் கடை கிடையாது. செய்த கம்பெனியும் இல்லை. இல்லாத பாகத்தை, இருக்கிற பாகத்தை வைத்து ஊகித்து, அளந்து, வார்த்து, கடைந்து, பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் மறுபடி கடைந்து செய்ய வேண்டும்.

இதை “அப்படியே ஓடுகிறது” என்று ஒரு வார்த்தையில் துடைத்தால் எனக்குக் கோபம் வராதா?

ஒரு நீராவி எஞ்சின் “அப்படியே” ஓடவே முடியாது. முப்பது வருஷம் அறிவியலும் சேர்த்துப் பாடம் நடத்தியவன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் இரும்புக்குள் அடைத்து வைத்திருப்பதுதான் பாய்லர். அதாவது சக்கரம் வைத்த வெடிகுண்டு. அடுப்பின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் தகடு பழுத்து இளகி, மொத்தமும் வெடித்துவிடும். அதனால்தான் அந்தக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு வைப்பார்கள். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். பயர்மேன் ஒரு கண்ணை கேஜ் கிளாஸிலேயே வைத்திருப்பான். பாய்லருக்குள் ஓடுகிற குழாய்கள் தேயும், உப்புப் படியும், ஓட்டை விழும். மாற்றித்தான் ஆக வேண்டும். சக்கரத்தின் இரும்புப் பட்டை தேயும். பேரிங் தேயும். உழைக்கிற காலத்திலேயே இந்த எஞ்சினில் எத்தனை பாகம் மாறியிருக்கும்!

இன்னொன்று சொல்கிறேன். ஓடுகிற பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிற இன்ஜெக்டர் என்ற கருவியை ஹென்றி ஜிஃபார்டு என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது 1858இல். இந்த எஞ்சின் செய்து மூன்று வருஷம் கழித்து! அதற்கு முன்னால் எஞ்சின் ஓடுகிற ஓட்டத்திலேயே இயங்குகிற பம்புதான். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். நின்ற இடத்தில் தண்ணீர் குறைந்தால், தண்ணீர் ஏற்றுவதற்காகவே எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஆகவே 1855ஆம் வருஷத்து எஞ்சின் எதிலாவது நீங்கள் இன்ஜெக்டரைப் பார்த்தால், அது பின்னால் வேறு ஒருவர் கை வைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எஞ்சின் என்பது ஒரே நாளில் லீட்ஸில் பிறந்து முடிந்த பொருள் இல்லை. கை வைத்த ஒவ்வொருவனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றிருக்கிறான். கடைசியாகப் பெற்றவன் பெரம்பூர்க்காரன்.

“அப்ப டூப்ளிகேட்தானே சார்?” என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இப்போது வருகிறேன்.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடுகிறதே, அது டூப்ளிகேட்டா? வடம் அறுந்தால் புது வடம் கட்டுகிறோம். மரம் உளுத்தால் மாற்றுகிறோம். அதற்காக “இது பழைய தேர் இல்லை” என்று ரத வீதியில் நின்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கொக்கிரகுளம் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1843இல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. தாமிரபரணி வெள்ளம் அதையும் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள், பின்னால் அகலப்படுத்தினார்கள். இன்றும் அது சுலோசன முதலியார் பாலம்தான். பழையது எது, புதியது எது என்று நமக்குத் தெரியும். அதை மறைக்கவேண்டிய அவசியமும் நமக்கு வந்ததில்லை.

பழுதுபார்ப்பது ஏமாற்று வேலை கிடையாது. பழுதுபார்த்ததை மறைப்பதுதான் ஏமாற்று வேலை. இந்த வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் தெளிவாகிவிடும்.

எதற்காக மறைக்கிறார்கள்? ஒரு பட்டத்துக்காக. “உலகின் மிகப் பழைய ஓடும் எஞ்சின்.” இந்தப் பட்டத்தின் கதையையும் பார்த்துவிடுவோம். 1997இல் ஃபேரி குயினைச் சரிசெய்து ஓட்டினார்கள். 1998இல் கின்னஸ் புத்தகத்தில், வழக்கமான சேவையில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று அதற்கு இடம் கிடைத்தது. அப்புறம் 21 ஓட ஆரம்பித்ததும் அதற்கும் அதே பட்டம். அக்காவும் தங்கையும் ஒரே மாலைக்குக் கழுத்தை நீட்டுகிற கதை. அமெரிக்காவில் ‘ஜான் புல்’ என்று ஒரு எஞ்சின். 1831இல் செய்தது. 1981இல் அதன் நூற்றைம்பதாவது வயதில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தார் அதில் தீ மூட்டி ஓட்டியே காட்டினார்கள். அப்புறம் போதும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். நாளைக்கு மறுபடி ஓட்டினால் நம் பட்டம் என்ன ஆகும்? யாரோ ஒருவர் தீப்பெட்டியை எடுத்தால் பறிபோகிற பெருமை ஒரு பெருமையா?

அந்த ஜான் புல் கதையில்தான் நாம் படிக்கவேண்டிய பாடம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து அது துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து இறங்கியது. எப்படிப் பூட்டுவது என்று வரைபடம் இல்லை. ஐசக் டிரிப்ஸ் என்று ஒரு இளம் மெக்கானிக். அதுவரை ரயில் எஞ்சினையே பார்த்திராதவர். அவர் பாகங்களை வைத்துப் பார்த்து, மாற்றிப் பார்த்து, பூட்டி ஓட வைத்தார். எஞ்சினைச் செய்தது ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனி, உலகப் புகழ் பெற்ற பெயர். ஆனாலும் ஜான் புல் பற்றி எழுதுகிற எவரும் டிரிப்ஸ் பெயரை விடுவதில்லை. ஏறத்தாழ இருநூறு வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த மெக்கானிக்கின் பெயர் தெரிகிறது. 2010இல், இதோ இருக்கிற பெரம்பூரில், அதே மாதிரி வேலையைச் செய்த பிட்டர், வெல்டர், பாய்லர்மேக்கர் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. நான் படித்த செய்திகளிலும் எனக்கு வந்த ஃபார்வர்டுகளிலும் ஒரு பெயர் இல்லை. கொடியசைத்தவர் பெயர் இருக்கிறது. ரிப்பன் வெட்டியவர் பெயர் இருக்கிறது. 1855 கம்பெனி முதலாளிகள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது.

புதிதாகச் செய்ததைப் புதிது என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்கிற பயமும் வேண்டாம். இங்கிலாந்தில் 2008இல் ‘டார்னேடோ’ என்று ஒரு நீராவி எஞ்சினை முழுக்க முழுக்கப் புதிதாகவே செய்தார்கள். அந்த வகை எஞ்சின் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் உடைத்துவிட்டதால், ஆர்வலர்கள் பணம் திரட்டிச் செய்தார்கள். பழசு என்று பொய் சொல்லவில்லை. ஜனம் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் திரண்டு நின்று பார்த்தது. அவ்வளவு தூரம் ஏன், நம் பொன்மலை பணிமனையைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர் பல்சக்கரப் பாதைக்கு, ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ‘எக்ஸ்’ வகை எஞ்சினை, 2011 முதல் பொன்மலையிலேயே புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற மலை அது. அந்த ஏற்றத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிற எஞ்சினைத் திருச்சித் தொழிலாளி செய்கிறான். “இன்றைக்கு நம்மாளு எவனாவது இப்படிச் செய்வானா?” என்று கேட்டு ஃபார்வர்டு அனுப்புகிறீர்களே, இதோ செய்திருக்கிறான். ஊட்டி ரயிலில் செல்ஃபி எடுத்துவிட்டு வந்த உங்களுக்குத்தான் தெரியவில்லை.

இங்கே இன்னொரு கட்சி வரும். “வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டக் கொண்டுவந்த எஞ்சினுக்கு எதற்கு மாலை மரியாதை? பழைய இரும்புக்குப் போடவேண்டியதுதானே?” இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அந்தப் பாதை ராணிகஞ்ச் நிலக்கரிக்காகப் போட்டது. 1857இல் கிளர்ச்சியை அடக்கச் சிப்பாய்களைக் கொண்டுபோனதும் அந்தப் பாதைதான். நம் பக்கத்துப் பாதையும் தர்மத்துக்குப் போட்டதில்லை, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பருத்தி கொண்டுபோகப் போட்டது. இதையெல்லாம் பலகையில் எழுதத்தான் வேண்டும் என்கிறேன். மாலையை மட்டும் போட்டுவிட்டு இதை மறைப்பதும் பொய்தான்.

ஆனால் நீராவியை வெள்ளைக்காரன் சொத்து என்று விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. இந்த மாவட்டத்துக்காரன் அப்படிச் சொல்லலாமா? வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனி என்ன கம்பெனி? சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி. நீராவியை வைத்தே வெள்ளைக்காரனை எதிர்த்தவர் அவர். காலியா, லாவோ என்ற அந்தக் கப்பல்களின் ஒரு பலகைத் துண்டையாவது காப்பாற்றி வைத்திருக்கிறோமா? 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது எங்கே? மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயில் பெட்டியில். அந்த ரயிலை இழுத்து வந்த எஞ்சின் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டோமா? கேட்காமல் விட்டதுதான் நம் குணம். நமக்கு வேண்டிய இரும்பெல்லாம் உருகிப் போன பிறகு மிஞ்சியிருக்கிற ஒன்றையாவது உண்மையோடு வைத்துக்கொள்வோம் என்கிறேன்.

தொழிலாளியின் பெயர் கல்லில் ஏறியதே இல்லையா என்றால், ஏறியிருக்கிறது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் அவர்களை நினைவுகூர்கிறார்கள். நியாயம்தான், நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் நான் கேட்கிறேன்: ஒரு ரயில்வே தொழிலாளியின் பெயர் ஊருக்குத் தெரிய அவன் குண்டடி பட்டுத்தான் சாகவேண்டுமா? நூறு வருஷம் செத்துக் கிடந்த எஞ்சினுக்கு உயிர் கொடுத்தால் போதாதா?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். பெயரோடு சேர்ந்து வித்தையும் போகிறது. அதுதான் என் பெரிய கவலை.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்த காலத்தில் நான் கரிவண்டியில்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள், வெள்ளைச் சட்டையில் புள்ளி. அந்தச் சட்டையோடு வகுப்பில் போய் உட்காருவோம். எழுத்து எழுத்தாக எஞ்சின் வகை சொல்வோம்: ஒய்பி பாசஞ்சர், ஒய்ஜி கூட்ஸ். அந்தப் பாதை 1902இல் கல்லிடைக்குறிச்சிவரை வந்து, 1903இல் செங்கோட்டையைத் தொட்டு, 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்தோடு சேர்ந்தது. 2012இல் நம் பக்கம் அகலப் பாதை ஆயிற்று. நல்லதுதான், நானும் அந்த வசதியை அனுபவிக்கிறேன். ஆனால் தண்டவாளத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய தூம்பு, கை வளையத்தில் டோக்கன் மாற்றிய ஏற்பாடு, மண்ணெண்ணெய் கைவிளக்கு. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்திருப்பார்.

சில வருஷம் முன்பு செங்கோட்டை ஷெட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “பிரஷர் எவ்வளவுன்னு மீட்டரைப் பாத்துத்தான் சொல்வீங்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “வாத்தியாரய்யா, மீட்டரு அதிகாரிக்கு. நாங்க தீ நெறத்தைப் பாத்துச் சொல்லிருவோம்லா. மலை ஏறும்போது கரியைக் குமிச்சுப் போட்டா பொகைதான் வரும், ஆவி வராது. மெலுசா, ஓரம் பாத்து, விசிறிப் போடணும். கை பழகணும்யா, புஸ்தகத்துல வராது” என்றார். அவர் இப்போது இல்லை. அவர் கை பழகிய அந்த வித்தையும் அவரோடு போய்விட்டது. அவரைப் போல் இன்னும் எத்தனை பேர் தாமிரபரணிக் கரையோர ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? எண்பதைத் தாண்டியவர்கள். நாம் அவர்களைத் தாண்டிப் போய் 1855 எஞ்சினோடு செல்ஃபி எடுக்கிறோம்.

ஈ.ஐ.ஆர். 21 இன்னும் ஐம்பது வருஷம் ஓட வேண்டுமானால் லீட்ஸ்காரன் வரமாட்டான். பாய்லர் குழாய் மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். தீ போடத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்க, தெரிந்தவன் இருக்கும்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும். “அப்படியே ஓடுகிறது” என்று நம்புகிறவன் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டான். தானாக ஓடுகிற அதிசயத்துக்கு வாத்தியார் எதற்கு? இந்தப் பொய்யின் உண்மையான நஷ்டம் இதுதான்.

எனவே நான் கேட்பது மூன்று.

ஒன்று. அந்த எஞ்சின் எங்கே நின்றாலும் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வேண்டும். இடது பக்கம்: 1855இல் வந்தது இன்னின்ன. வலது பக்கம்: பெரம்பூரில் புதிதாகச் செய்தது இன்னின்ன. பள்ளிப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்கிற தமிழில் வேண்டும். இதனால் எஞ்சினின் வயது ஒரு நாள்கூடக் குறையாது.

இரண்டு. அதே பலகையில் அந்த வேலையில் கை வைத்த தொழிலாளர்கள் அத்தனை பேர் பெயரும், அவரவர் வேலையும் வேண்டும். பணிமனை என்றால் வருகைப் பதிவேடு இருக்கும், வேலைச் சீட்டு இருக்கும். 2010 ஒன்றும் கல்வெட்டுக் காலம் இல்லை. மனசு இருந்தால் ஒரு வாரத்தில் பட்டியல் எடுத்துவிடலாம்.

மூன்று. நீராவி எஞ்சினில் வேலை பார்த்துத் தெரிந்தவர்களை உட்காரவைத்து, ரயில்வே பயிற்சிப் பள்ளிகளிலும் ஐ.டி.ஐ.களிலும் படிக்கிற பையன்களுக்கு, பெண் பிள்ளைகளுக்கும்தான், கையால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஊட்டி ரயிலுக்கும் இது தேவை, ஈ.ஐ.ஆர். 21க்கும் தேவை.

அரசாங்கம் செய்யும் என்று சும்மா இருக்கவும் வேண்டாம். நாம் செய்யக்கூடியதும் உண்டு. பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, ஆழ்வார்குறிச்சி, கடையம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை என்று இந்தப் பாதையோர ஊர்க்காரர்கள் நிறையப் பேர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் பயர்மேனாக, டிரைவராக, பிட்டராக, பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். ஊர், பெயர், எந்த ஷெட், என்ன வேலை, எப்படிச் செய்தார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவரோ வீட்டாரோ சம்மதித்தால் இங்கே கமெண்டில் போடுங்கள். நான் உட்கார்ந்து எழுத்தில் எடுத்துத் தருகிறேன். எனக்கு நேரம் இருக்கிறது. அவர்களுக்குத்தான் அதிகம் இல்லை.

அடுத்த ஆகஸ்ட் 15க்கு அந்தப் படம் மறுபடி வரும். அதை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக அனுப்புங்கள். “வெள்ளைக்காரன் செய்தது அப்படியே ஓடுகிறது” என்ற வரியை மட்டும் அழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: “லீட்ஸில் செய்தது, வங்காளத்தில் உழைத்தது, நூறு வருஷம் செத்துக் கிடந்தது, பெரம்பூர்த் தொழிலாளி பிழைக்க வைத்தது.” இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. யாரும் வந்து பறித்துக்கொண்டு போகவும் முடியாது.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள். பெரம்பூரில் அந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அய்யா, உங்களுக்கு என் வணக்கம். பலகை வருகிறபோது வரட்டும். அதுவரை காத்திருக்காமல், உங்களுக்குச் சம்மதமானால், உங்கள் பெயரை நீங்களே கீழே எழுதுங்கள்.